தவளைக்கை மரம்: ஜப்பானியர் வளர்த்த மேப்பிளின் வரலாறு

உண்பதற்குக் கனி தராது; சூடுவதற்கு மலர் தராது; நல்ல உத்தரத்திற்கு வேண்டிய பருமனும் பெறாது. இலை ஒன்றையே தன் செல்வமாகக் கொண்ட மரம் ஜப்பானிய மேப்பிள். அந்த இலைக்காக ஜப்பானியர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாட்டெழுதி வந்திருக்கின்றனர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதனை ஒட்டுக் கட்டி, பெயர் சூட்டி, ஏடுகளில் பதிந்தும் வந்திருக்கின்றனர். இம்மரம் வளர்ந்த கதை, தோட்டக்காரர் என்னும் ஒரு வகுப்பார் உயர்ந்த கதை. போரும் அரசியல் மாற்றமும் வந்தபோது அவர்கள் சேர்த்த செல்வம் எவ்வாறு அழிந்தது, எவ்வாறு எஞ்சியது என்பதும் அக்கதையில் அடங்கும்.

ஜப்பானிய மொழியில் இம்மரத்திற்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று 'கயேதே'. இது 'கயெருதே' என்ற பழஞ்சொல்லின் திரிபு. தவளையின் கை என்பது பொருள். ஐந்து அல்லது ஏழு விரல்களை விரித்தாற்போன்ற இலையைப் பார்த்தவர்க்கு இப்பெயர் பொருந்துவது விளங்கும். மற்றொன்று 'மொமிஜி'. இது முதலில் ஒரு மரத்தின் பெயரன்று. இலை நிறம் மாறுதலைக் குறித்த வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. பின்னர், நிறம் மாறும் மரங்களுள் தலையாயது இதுவே என்பதால் இதற்கே உரியதாயிற்று. தோட்டக்காரர்கள் ஆழமாகப் பிளந்த இலையுடையதை மொமிஜி என்றும், பிளவு குறைந்ததைக் கயேதே என்றும் வேறுபடுத்துவர். தாவர நூலாருக்கு இரண்டும் ஒரே இனம்.

எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'மன்யோஷூ' என்னும் பாடல் தொகையில் இலையுதிர்கால வண்ணத்தைப் பாடிய செய்யுட்கள் ஏறத்தாழ நூறு உள்ளன. அவற்றில் இச்சொல்லைப் பெரும்பாலும் 'மஞ்சள் இலை' என்று பொருள்படும் எழுத்துக்களால் எழுதியிருக்கின்றனர். 'சிவந்த இலை' என்று எழுதியது மிக அரிது. சிவப்பே சிறப்பு என்னும் கருத்து ஹெயான் காலத்தில்தான் வேரூன்றியது. சீனத்து டாங் காலக் கவிதைகளின் செல்வாக்கு இதற்குக் காரணம் என்பர். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாக்கி சீமாட்டி எழுதிய 'கெஞ்சி கதை'யில் ஓர் அதிகாரமே சிவந்த இலை விழாவின் பெயரால் அமைந்துள்ளது. அக்காலத்தில் அது அரண்மனையாரின் இன்பம். பதினாறாம் நூற்றாண்டில் கானோ ஹிதேயோரி தீட்டிய தக்காவோ மலைத் திரை ஓவியத்திலோ, பெண்டிரும் குழந்தைகளும் மரத்தடியில் கூடியிருக்க, ஆடவர் மதுவருந்தி ஆடுவதைக் காணலாம். அரண்மனை இன்பம் ஊராரின் இன்பமாக மாறிவிட்டதற்கு அந்த ஓவியத்தைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் அதுவரை மக்கள் மரத்தைத் தேடி மலைக்குச் சென்றனர். மரத்தை வீட்டுக்குக் கொணர்ந்து, அதனை நூறு விதமாக மாற்றியது எடோக் காலம்.

எடோ என்பது இன்றைய டோக்கியோ. தொக்குகாவா ஷோகன்கள் நாட்டின் சிற்றரசர்கள் அனைவரும் குறித்த காலம் தலைநகரில் வந்து தங்கவேண்டும் என்று விதித்திருந்தனர். சிற்றரசர் ஒவ்வொருவருக்கும் எடோவில் ஒன்றுக்கு மேற்பட்ட மாளிகைகள் இருந்தன. 1657ஆம் ஆண்டு மேய்ரெக்கிப் பெருந்தீ நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. அதன்பின் மாளிகைகள் நகரின் புறத்தே பரந்து எழுந்தன. தோட்டங்களும் உடன் எழுந்தன. செடி கொடிகளை விற்போருக்கு அன்று கிடைத்த வாய்ப்பு முன் எந்நாளும் கிடைத்ததில்லை. நகருக்கு வடக்கே இருந்த சோமேய் என்ற சிற்றூர் இந்த வாய்ப்பினால் தோட்டக்காரர் ஊராயிற்று. உலகெங்கும் புகழ்பெற்ற 'சோமேய் யோஷினோ' என்னும் செர்ரி மரம் இவ்வூரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

அவ்வூரில் தலைமுறை தலைமுறையாக 'இதோ இஹேய்' என்ற பெயரையே சூடிக்கொண்ட ஒரு குடும்பம் இருந்தது. முன்னோர் பக்கத்திலிருந்த தோதோ சிற்றரசரின் மாளிகையில் தோட்ட வேலை பார்த்தவர்கள். சிற்றரசர் சலித்து எறியச் சொன்ன செடிகளைக் குப்பையில் இடாமல் தம் நிலத்தில் கொண்டுபோய் நட்டனர் என்றும், அதுவே பின்னர் பெரும் பண்ணையாயிற்று என்றும் சொல்வர். முதலில் கிரிஷிமா வகை அசேலியாச் செடிகளால் பெயர் பெற்றதனால் அவர்கள் கடைக்குக் 'கிரிஷிமாயா' என்றே பெயர். அடுத்து அவர்கள் கைவைத்தது மேப்பிள்.

மூன்றாம் இஹேய் 1695இல் 'கதான் சிக்கின்ஷோ' என்னும் தோட்ட நூலை வெளியிட்டார். அவர் மகன் மசாத்தாக்கே 1710இல் அதனை விரித்து எழுதினார். அந்த விரிவில் முப்பத்தாறு வகை மேப்பிள்களின் இலைகள் படமாக வரையப்பட்டுள்ளன. முப்பத்தாறு என்ற எண் தற்செயலாக வந்ததன்று. ஜப்பானிய இலக்கிய மரபில் முப்பத்தாறு கவிச்செல்வர் என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைக்கு ஏற்ப மரங்களையும் வகுத்து, பழம்பாடல்களோடு பொருத்தினார் மசாத்தாக்கே. 1719லும் 1733லும் வெளியிட்ட நூல்களில் மேலும் பல வகைகளைச் சேர்த்தார். மண்வெட்டி பிடித்த கை ஏடெழுதி, அரண்மனைக் கவிதையைத் தன் நாற்றங்காலுக்கு இழுத்துவந்து கட்டிய செயல் இது. வாணிகத் தந்திரம் என்றும் கூறலாம். கவிதை தெரிந்த சிற்றரசன் கவிதைப் பெயருள்ள கன்றை விடமாட்டான் அன்றோ! ஆயினும் வெறும் தந்திரத்திற்காக ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் இலைகளை வரைந்துகொண்டிருக்கமாட்டார். 1727ஆம் ஆண்டு எட்டாம் ஷோகன் யோஷிமுனே தாமே இஹேயின் தோட்டத்திற்கு வந்தார். சீனத்திலிருந்து ஷோகனுக்கு வந்த மூவிரல் மேப்பிளும் இக்குடும்பத்தின் பராமரிப்பில் விடப்பட்டது. யோஷிமுனே தலைநகர் மக்கள் கண்டு களிப்பதற்காக அசுக்காயாமாவில் செர்ரியையும், தக்கினோகாவா ஆற்றங்கரையில் மேப்பிளையும் நடச் செய்தவர்.

அந்தப் பெயர்களுள் ஒன்று 'தமுக்கேயாமா'. நாராவில் உள்ள ஒரு குன்றின் பெயர் அது. அக்குன்றின் இலைகளையே தெய்வத்திற்குப் பட்டாகப் படைத்ததாக சுகவாரா மிச்சிசானே என்ற பெரும்புலவர் பாடியிருந்தார். 'ஷிகிதாட்சு சாவா' என்பது மற்றொன்று; உள்ளான் பறவை எழுந்து பறக்கும் சதுப்பு நிலம் என்று பொருள். சைக்யோ என்னும் துறவிக் கவிஞரின் பாடலை நினைத்து இட்ட பெயர். பச்சை நரம்பு ஓடிய வெளிறிய இலைக்கு இப்படி ஒரு பெயர் தோன்றியது வியப்பே. 'ஓசாக்காசுக்கி' என்றால் பெரிய மதுக்கிண்ணம். 'ஷிஷிகாஷிரா' சிங்கத் தலை. 'சாங்கோக்காக்கு' பவளக் கோபுரம். கடைசியாகச் சொன்ன மரம் இலை உதிர்ந்தபின் பவளம்போல் சிவந்த கிளைகளோடு குளிர்காலம் முழுதும் நிற்பது.

இத்தனை வகை எவ்வாறு தோன்றின? இம்மரம் அயல்மரத்து மகரந்தத்தால் எளிதில் கருவுறும். ஆதலால் ஒரு தாய்மரத்து விதைகள் நூறு முளைத்தால் நூறும் ஓரளவு வேறுபடும். இலை நூல்போல் கிழிந்தது ஒன்று, தளிரிலேயே செந்நிறமானது ஒன்று, நிமிராமல் குடைபோல் கவிந்தது ஒன்று என வரும். மலையிலிருந்தும் நாற்றங்காலிலிருந்தும் இத்தகைய விந்தைகளைப் பொறுக்கி எடுப்பது தோட்டக்காரரின் கண். அதனை இழக்காமல் காப்பது அவர் கை. ஏனெனில் அவ்விந்தை மரத்தின் விதையை ஊன்றினால் அதே மரம் பெரும்பாலும் வராது. ஒட்டுக் கட்டியே பெருக்கவேண்டும்.

அதன் முறை இது. சாதாரண மலை மொமிஜியின் இறகு முளைத்த விதைகளை இலையுதிர் காலத்தில் சேகரித்து, ஈர மணலில் குளிர் படும்படி வைத்து, இளவேனிலில் விதைப்பர். இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்த நாற்று அடிச்செடியாகும். குளிர்காலத்தின் இறுதியில், சாறு ஏறுமுன், அதன் பக்கவாட்டில் பட்டையோடு சீவி, விரும்பிய வகையின் சிறு கிளையைச் செதுக்கிப் பொருத்திக் கட்டுவர். ஒட்டு மாங்கன்றுக்குச் செய்வதுபோல், இரு செடிகளையும் அருகருகே வைத்து வேரோடிருக்கும்போதே சேர்த்துக் கட்டி, ஒன்றிய பின் அறுத்தெடுக்கும் முறையும் உண்டு. கிளையில் பட்டையை வளையமாக நீக்கிப் பாசி சுற்றிப் பதியம் வைப்பதும் வழக்கம். எதுவாயினும் கிடைப்பது புதிய மரமன்று; பழைய மரத்தின் ஒரு துண்டு. 1710இல் சோமேயில் நின்ற ஒரு மரம், வெட்டுண்ட கிளையின் கிளையாகக் கைமாறிக் கைமாறி வந்தால், இன்றும் அதே மரம்தான். ஆனால் கைமாறும்போது ஒரேயொரு தலைமுறை தவறினாலும் முடிந்தது. பெயர் ஏட்டில் இருக்கும். மரம் எங்கும் இராது.

ஒட்டு மரத்தை வீட்டில் வளர்ப்போர் அறியவேண்டிய செய்தியும் இதனோடு சேர்ந்ததே. ஒட்டுக்குக் கீழே அடிச்செடி துளிர்த்தால் உடனே கிள்ளிவிடவேண்டும். மலைச்செடி வலிமையுள்ளது, சில ஆண்டுகளில் அருமையான மேற்கிளையை அடக்கித் தானே மரமாகிவிடும். வேர் ஆழமாக இறங்காது. மண்ணின் மேற்பரப்பிலேயே மயிர்போல் பரவும். ஆகவே மண் எப்போதும் ஈரமாயிருக்கவேண்டும். ஆனால் நீர் தேங்கினால் வேர் அழுகும். காலை வெயில் நல்லது, மேற்கு வெயில் கூடாது. கோடையில் வெப்பக் காற்று படின் இலை நுனிகள் கருகும். கருகிய இலை இலையுதிர் காலத்தில் சிவப்பதில்லை. உரம் மிகுதியானால் கிளை நீளுமேயன்றி அழகு சேராது. கவாத்து செய்வதற்கு இலை உதிர்ந்து மரம் உறங்கும் காலமே ஏற்றது. குளிர்காலம் முடியும் தறுவாயில் வெட்டினால் சாறு கண்ணீர்போல் வடியும், நெடுநேரம் நிற்காது.

இலை சிவப்பதற்குக் குளிர் வேண்டும். இரவின் வெப்பம் 8 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் இலைக்காம்பின் அடியில் தடுப்பு ஒன்று உருவாகிறது. இலையில் ஆக்கப்பட்ட சர்க்கரை கிளைக்குச் செல்லாமல் தேங்குகிறது, பச்சையம் சிதைகிறது, சர்க்கரையிலிருந்து ஆந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் நல்ல குளிரும் சேர்ந்தால் சிவப்பு மிகும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற என்றும் கோடையான நாடுகளின் சமவெளியில் இம்மரம் நிலைக்காமைக்கும் இதுவே காரணம். உறங்கக் குளிர்காலம் இல்லாத மரம் ஆண்டுக்காண்டு மெலிந்து போகும்.

ஐரோப்பியர் இம்மரத்தை முறையாக அறிந்தது சுவீடன் நாட்டு மருத்துவர் துன்பெர்க் வாயிலாக. டச்சு வணிகர்களின் மருத்துவராக அவர் 1775இல் நாகசாக்கிக் கரையிலிருந்த தெஜிமா என்னும் சிறு தீவில் வந்திறங்கினார். அயலார் அத்தீவை விட்டு வெளியேறத் தடை இருந்தது. துன்பெர்க் என்ன செய்தார்? தீவில் வளர்த்த ஆடுகளுக்கு நாள்தோறும் கரையிலிருந்து தழை வரும். அந்தத் தழையைக் கிளறிச் செடிகளைப் பொறுக்கினார். மறு ஆண்டு ஷோகனைக் காண எடோ சென்ற பயணத்திலும் வழியெல்லாம் சேகரித்தார். 1784இல் அவர் வெளியிட்ட 'ஜப்பானியத் தாவரம்' என்ற நூலில் இம்மரம் 'ஏசர் பால்மாட்டம்' எனக் காண்கிறது. உள்ளங்கை போன்றது என்பது பொருள். தவளைக் கை என்ற கிழக்கத்தியார் கண்டதையே மேற்கத்தியாரும் கண்டனர். தவளையை மட்டும் விட்டுவிட்டனர். பின்னர் வந்த ஜெர்மானியர் சீபோல்ட், நாட்டுப்படம் வைத்திருந்த குற்றத்திற்காக 1829இல் வெளியேற்றப்பட்டவர், லைடன் நகரில் ஜப்பானியச் செடிகளைப் பெருக்கினார். அவரும் சுக்காரினியும் இம்மரத்திற்குப் 'பல வடிவினது' என்று பொருள்படும் வேறு பெயர் சூட்டினர். மரத்தின் இயல்பைச் சொல்வதில் அதுவே சிறந்த பெயர். எனினும் முந்திய பெயருக்கே உரிமை என்ற விதியால் அது தள்ளுண்டது. 1860இல் சோமேயைக் கண்ட ஸ்காட்லாந்துத் தோட்டக்காரர் இராபர்ட் பார்ச்சூன், இவ்வளவு பெரிய செடிப் பண்ணைத் தொகுதியை உலகில் வேறெங்கும் கண்டதில்லை என்ற கருத்தில் எழுதிவைத்தார்.

அவர் கண்டது அந்திப் பொழுது. இரண்டு ஆண்டுகளில், 1862இல், சிற்றரசர் தலைநகரில் தங்கவேண்டும் என்ற விதி தளர்ந்தது. 1868இல் ஷோகன் ஆட்சியே வீழ்ந்தது. மாளிகைகள் வெறிச்சோடின. புதிய அரசு 1869இல் அவ்வெற்று மாளிகை நிலங்களில் தேயிலையும் முசுக்கொட்டையும் பயிரிட ஆணையிட்டது. பட்டும் தேயிலையும் அந்நியச் செலாவணி தருவன. பாறையும் பாசியும் மொமிஜியும் என்ன தரும்? நூற்றைம்பது ஆண்டு வளர்த்த தோட்டங்கள் பல அப்போது உழப்பட்டன. சோமேயில் சிற்றரசர் மாளிகை இருந்த நிலம் ஒன்று 1874இல் இடுகாடாயிற்று. இன்றும் அது சோமேய் இடுகாடே. தோட்டத் தொழில் சைத்தாமாவில் உள்ள அங்யோ முதலிய ஊர்களில் நிலைத்தது. 1890இல் நிறுவப்பட்ட யோக்கோஹாமா செடிப்பண்ணை நிறுவனம் மேப்பிள் ஒட்டுக்கன்றுகளைக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பியது. உள்நாட்டுச் சிற்றரசன் போன இடத்தில் வெளிநாட்டுச் செல்வன் வந்து நின்றான்.

போன்சாய் வளர்ப்போர் கதையும் இதனோடு இணைந்தது. 1923ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்திற்குப் பின் டோக்கியோவைவிட்டு அகன்ற அவர்கள் 1925 முதல் ஓமியா என்ற இடத்தில் தமக்கென ஓர் ஊரே அமைத்தனர். அங்குக் குடியேறுவோர் பத்துக்கு மேற்பட்ட போன்சாய் வைத்திருக்கவேண்டும், வாயிற்கதவைத் திறந்தே வைக்கவேண்டும், மாடி கட்டக்கூடாது, மதிலுக்குப் பதில் வேலிச்செடி வேண்டும் என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டனர்.

அடுத்த அழிவு போர்க்காலத்தில் வந்தது. 1940களில் அழகுச் செடி வளர்ப்பது ஆடம்பரம் என்று கருதப்பட்டது. இளைஞர் படைக்குப் போயினர். நாற்றங்கால்களில் உணவுப் பயிர் ஏறியது. விறகுப் பஞ்சத்தில் மரங்கள் அடுப்புக்குப் போயின. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு முற்றத்தில் மரவள்ளி நட்டுப் பிழைத்த தலைமுறைக்கு இக்காட்சி விளங்கும். பிறரை அந்நிலைக்கு ஆளாக்கிய நாட்டின் தோட்டக்காரனும் அதே நிலைக்கு ஆளானான். பழைய ஏடுகளில் படத்தோடு விளங்கிய வகைகள் பல அந்நாளுக்குப் பின் காணப்படவில்லை. எஞ்சியவை, ஒரு சில பண்ணைக்காரர் ஒவ்வொரு வகைக்கும் ஒரு தாய்மரத்தையேனும் ஒளித்ததுபோல் காத்ததனால் எஞ்சின.

போருக்குப் பின் எழுந்த சிக்கல் வேறு. வெளிநாடு சென்ற மரங்களின் பெயர்கள் சிதைந்திருந்தன. பவளக் கோபுரம் இங்கிலாந்தில் 'சென்காக்கி' என்று நெடுநாள் விற்கப்பட்டது. ஒரே மரம் மூன்று பெயரிலும், மூன்று மரங்கள் ஒரே பெயரிலும் உலவின. ஒரிகன் மாநிலத்தில் பூச்சியியல் அறிஞராயிருந்து, பின் மேப்பிள் பண்ணை வைத்த வெர்ட்ரீஸ் என்பவர் இதனை ஒழுங்கு செய்ய முயன்றார். ஜப்பானிய வல்லுநர்களோடு கடிதத் தொடர்பு கொண்டு, கன்றுகளைத் தருவித்து, ஒப்புநோக்கி, 1978இல் 'ஜப்பானிய மேப்பிள்கள்' என்ற நூலை வெளியிட்டார். இன்று அதன் திருத்தப்பதிப்புகளே இத்துறையினர் கைநூல். இப்போது பெயர் பெற்ற வகைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. எண்ணிக்கை பெருகியது மகிழ்ச்சியே. ஆனால் அவற்றுள் பல ஒன்றுக்கொன்று வேறுபாடு காண்பதரியன. மசாத்தாக்கேயின் முப்பத்தாறில் அக்குறை இல்லை.

கன்று கடல் கடந்தபோது பகையும் உடன் கடந்தது. வெள்ளைப் புள்ளியிட்ட கருநிற நீள்கொம்பு வண்டு மேப்பிளின் அடிமரத்தில் முட்டையிடும். புழு ஓரிரண்டு ஆண்டு கட்டையைத் துளைத்தபடியே உள்ளிருக்கும். அடியில் மரத்தூள் குவிந்திருப்பதே அடையாளம். ஜப்பானியத் தோட்டக்காரர் அத்துளையில் கம்பியைச் செலுத்திப் புழுவைக் குத்துவர். ஜப்பானில் உள்ள இவ்வண்டுக்கு அறிவியலார் நெடுங்காலம் வழங்கிய பெயர் 'அனோப்ளோஃபோரா மலேசியாக்கா' என்பது நம் வாசகர்க்கு வேடிக்கையாயிருக்கும்; பின்னர் சீன இனத்தோடு சேர்த்துவிட்டனர். இத்தாலியில் மிலான் அருகே 2000இல் இவ்வண்டு கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டன. 2001இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துத் துக்விலா என்ற ஊரில், கொரியாவிலிருந்து வந்த மேப்பிள் போன்சாய்களிலிருந்து சில வண்டுகள் தப்பிப் பறந்தன. ஒரு சில வண்டுகளுக்காகச் சுற்றிலுமிருந்த மரங்களை அகற்ற நேர்ந்தது.

ஜப்பானிய வானிலை நிலையம் 1953 முதல் குறித்த மேப்பிள் மரங்கள் சிவக்கும் நாளைப் பதிந்து வருகிறது. பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று நாள் வீதம் அந்நாள் தள்ளிப் போய்க்கொண்டிருக்கிறது. 2021இல் அந்நிலையம் பல செடிகள், விலங்குகளைப் பற்றிய பதிவுகளை நிறுத்தியது. தொடர்ந்த ஆறு தாவரங்களுள் மேப்பிளும் ஒன்று. நவம்பர் நடுவில் கண்ட நிறத்தைக் கியோட்டோ மக்கள் இப்போது டிசம்பரிலும் காண்கின்றனர்.

அக்கியோட்டோவில் தோஃபுக்குஜி என்ற பழம்பெரும் சென் மடம் உள்ளது. பதினைந்தாம் நூற்றாண்டில் அங்கிருந்த மின்ச்சோ என்னும் ஓவியத் துறவியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அவர் ஓவியத்தை மெச்சிய ஷோகன் யோஷிமோச்சி, வேண்டுவது யாது என்று கேட்டாராம். பொன்னும் பதவியும் வேண்டா. மடத்துச் செர்ரி மரங்களை வெட்ட ஆணையிடவேண்டும், இல்லையேல் பிற்காலத்தில் இவ்விடம் களியாட்டக் களமாகிவிடும் என்று துறவி வேண்டினாராம். செர்ரிகள் வெட்டப்பட்டன. இன்று அம்மடத்துப் பள்ளத்தாக்கில் நிற்பவை ஏறத்தாழ இரண்டாயிரம் மேப்பிள்கள். இலை சிவக்கும் வாரங்களில் கூட்டம் அளவு மீறியதனால், அங்குள்ள சுத்தென்கியோ பாலத்தின்மேல் நின்று படம் எடுப்பதை மடத்தார் 2016இல் தடை செய்தனர்.